இடது சக்கரத்தின் இரண்டு போல்ட்

பத்து, பன்னிரண்டு, பதினான்கு மில்லிமீட்டர். இந்த மூன்று ஸ்பானர் கையில் இருந்தால் நம் ஊரில் ஓடுகிற பாதி வண்டிகளைக் கழற்றி மாட்டிவிடலாம். என் வண்டியில் மட்டும் மூன்றும் வழுக்கும். அது அங்குலக் கணக்கில் செய்த வண்டி. கார் விஷயம் எதுவும் தெரியாது என்று நீங்கள் சொன்னதால் இங்கிருந்து தொடங்குகிறேன் இன்ஸ்பெக்டர் மேடம்.

வண்ணார்பேட்டையில் பல் மருத்துவமனை வைத்திருக்கிறேன். கணேஷ்ராம் என்று பெயர்ப்பலகை இருக்கும், பார்த்திருப்பீர்கள். என் வெள்ளை ஹெரால்ட் காரை அம்பாசமுத்திரத்தில் ஒரு ரைஸ்மில் கொட்டகையிலிருந்து வாங்கினேன். உள்ளே கோழி அடைந்து கிடந்தது. வாங்கும்போது என் மனைவி ராஜராஜேஸ்வரி சிரித்தாள். பிறகு அவளே பின் சீட்டுக்குத் துணி எடுத்துக் கொடுத்தாள்.

பழைய காரில் எது கஷ்டம் என்று எல்லோரும் கேட்பார்கள். தகரத்தைத் தட்டி நிமிர்த்தலாம், பெயிண்ட் அடிக்கலாம், என்ஜினைக்கூட இறக்கி ஏற்றலாம். திருகாணிதான் கிடைக்காது. கதவுக் கைப்பிடிக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, எல்லாமே அந்தக் காலத்து மரை. டவுணில் ஒரு இரும்புக் கடையில் நான் மாதிரியை நீட்டியபோது அண்ணாச்சி அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"மில்லிமீட்டர்ல கேளுங்க டாக்டர், சாக்குல அள்ளித் தாரேன். இஞ்சுக் கணக்கெல்லாம் எங்கப்பாவோட போச்சு."

எனக்குப் பொறுமை உண்டு. என் தொழிலிலும் திருகாணிதான். தாடை எலும்பில் டைட்டேனியம் திருகை ஏற்றி அதன் மேல் பல் வைக்கிறவன் நான். மரை சேராத இடத்தில் பலவந்தம் பண்ணக் கூடாது என்பது கைக்கே தெரியும்.

ஜோன்ஸ் எனக்குப் பழக்கமானது இந்த வண்டியால்தான். பெருமாள்புரத்தில் எனக்கு அடுத்த தெரு. தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் மணப்பாடு. அவரிடம் நீல நிற ஹெரால்ட் இருந்தது. முதல் சொந்தக்காரரிடமிருந்து நேராக அவர் வாங்கியது. ஒரு போல்ட்கூட மாறாத வண்டி. நான் மாதக்கணக்கில் தேடுகிற திருகாணியை அவர் ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார்.

"எடுத்துக்கிடும் வே. கேட்டுக்கிட்டு நிக்கீரு."

அப்படிப்பட்ட மனிதர். அவர் மகள் ஸ்டெஃபிக்குப் பள்ளிக்கூட வயதில் நான்தான் பல்லுக்குக் கம்பி போட்டேன். முன்பல் இரண்டும் தூக்கிக்கொண்டு இருந்தன. கம்பியைக் கழற்றிய அன்று கண்ணாடியைப் பார்த்துவிட்டு வாயை மூடவே மாட்டேன் என்றாள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. விரோதம் ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்காக.

ஸ்டெஃபியின் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு என் வண்டியின் அடியில் படுத்து முன்பக்கத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புகிறதே, நடுவில் அந்த வேலையைச் செய்வது ஒரு இரும்புக் கை. சக்கரத்தோடு அதைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு போல்ட். அவை கடினப்படுத்திய எஃகு. தலையில் அதற்கான குறி இருக்கும். என் வண்டியின் இடது பக்கத்தில் கிரீஸைத் துடைத்தபோது குறி இல்லை. எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ, வாசல் கேட்டுக்கும் கட்டிலுக்கும் போடுகிற, கடினப்படுத்தாத பச்சை இரும்பு போல்ட்டை மாட்டியிருந்தார்கள். அது தெரியாமல் நான் அந்த வண்டியில் நாகர்கோவில் வரை போய் வந்திருக்கிறேன்.

தேடினேன். மதுரை, கோயம்புத்தூர், சென்னையில் புதுப்பேட்டை, தூத்துக்குடியில் கப்பல் உடைசல் விற்கிற இடம். எங்கேயும் இல்லை. கடைசியில் இங்கிலாந்தில் ஒரு கடைக்கு ஆர்டர் போட்டேன். வந்து சேர ஆறு வாரமாவது ஆகும் என்றார்கள். கல்யாணம் அதற்கு முன்பே.

அந்த வாரம் ஜோன்ஸ் பத்திரிகை வைக்க வந்தார். கூடவே ஒரு ஆசையையும் சொன்னார்.

"பொண்ணு நீலத்துல. நீரும் தங்கச்சியும் வெள்ளையில. ரெண்டு ஹெரால்டும் ஒண்ணு பின்னால ஒண்ணா மணப்பாட்டுக் கோயிலுக்கு ஏறணும் வே. ஊரு பாக்கணும்."

என் வண்டி இன்னும் தயாராகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் ராஜி பட்டுப்புடவைக்குப் பொருத்தமாகப் பூ என்ன நிறத்தில் கட்டலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சரி என்றேன்.

கல்யாண வீட்டில் பந்தலும் உறவினர் கூட்டமும் ஆகிவிட்டதால் ஜோன்ஸ் தன் வண்டியை என் ஷெட்டில் கொண்டுவந்து விட்டார். பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராஜி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். நான் அவர் வண்டியின் இடது முன்சக்கரத்தைக் கழற்றி, அந்த இரண்டு போல்ட்டையும் எடுத்து என் வண்டியில் மாட்டினேன். என்னுடையதை அவர் வண்டியில் மாட்டினேன்.

இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எடுத்த இடத்தில் ஒன்றை வைத்தேன். எத்தனையோ காலம் என் வண்டியில் இருந்த போல்ட். பார்சல் வந்ததும் புதியதை அவர் வண்டியில் போட்டுவிடலாம், அவருக்குத் தெரியவே வேண்டாம் என்பது என் திட்டம். எத்தனை அழுத்தத்தில் முறுக்க வேண்டுமோ அத்தனை அழுத்தத்தில் அளந்து முறுக்கினேன். தலைக்குக் கறுப்புப் பெயிண்ட் வைத்தேன். அது ஏன் என்று கேட்பீர்கள். துரு பிடிக்காமல் இருக்க என்று சொல்லலாம். குறி இல்லாதது தெரியாமல் இருக்கவும்தான்.

கல்யாணத்தன்று காலையில் ஸ்டெஃபி வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "டாக்டர் அங்கிள், ஈ..." என்று பல்லைக் காட்டிச் சிரித்தாள். ஜோன்ஸே ஓட்டினார். அவள் அம்மா லூர்து மேரி உறவினர்களோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள். நானும் ராஜியும் பின்னால் போனோம். போல்ட்டைப் பற்றிய நினைவே அன்று காலை எனக்கு வரவில்லை. கல்யாணக் கலகலப்பில் மறந்துபோய்விட்டேன்.

சாத்தான்குளம் தாண்டி உடன்குடி போகிற பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. இரண்டு பக்கமும் பனை. வலது பக்கம் திரும்ப வேண்டிய வண்டி திரும்பாமல் நேராக இறங்கியிருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது இடது பக்கம் முழுவதும் பனைமரத்தில் சொருகி நின்றது. ஸ்டெஃபி அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள்.

நான் முதலில் அவளிடம் ஓடியதாக அன்று உங்களிடம் சொன்னேன். அங்கே இருந்த பனையேறிகளும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், ஏனென்றால் அவள் இருந்த பக்கம்தான் நான் குனிந்தேன். குனிந்தது சக்கரத்தைப் பார்க்க. இரும்புக் கை தனியாகத் தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்து அவள் கழுத்தில் நாடி பார்த்தேன். ஒன்றும் செய்வதற்கில்லை. முன்னாடியே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஒரு மருத்துவனாக இதைச் சொல்கிறேன்.

ஜோன்ஸுக்கு இடது கால் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலும் பிறகு வீட்டிலும் தினமும் போய் உட்கார்ந்தேன். ராஜி இட்லி கொடுத்து அனுப்புவாள். லூர்து மேரி அந்த அறைக்குள்ளேயே வருவதில்லை. புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"அவ ஏசி வண்டி எடுக்கலாம் டாடின்னுதான் சொன்னா. நாந்தான் ஹெரால்டுலதான் போகணும்னு அடமா நின்னேன். எம் பிள்ளைய நானே கொண்டுபோய் மரத்துல இடிச்சிட்டேனே வே" என்பார். என் கையைப் பிடித்துக்கொள்வார். பிடியை விட மாட்டார். "அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி, யாரு கையில என்ன இருக்கு" என்று சொல்வேன். அவர் அழுது முடிக்கிறவரை கையை உருவிக்கொள்ளாமல் இருப்பேன். அதுவே ஒரு தண்டனைதான் என்று எனக்குத் தோன்றும். வீட்டுக்கு வந்து அந்தக் கையைக் கழுவிக்கொண்டே இருப்பேன். நோயாளியின் தாடையில் திருகை வைத்து முறுக்கப் போனால் விரல் நின்றுவிடும். உதவிக்கு இருக்கிற பெண் "சார்?" என்று கேட்பாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் இங்கிலாந்துப் பார்சல் வந்தது. நான் பிரிக்கவில்லை.

பிறகு நீங்கள் பலவேசத்தை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனீர்கள். இரண்டு வண்டிக்கும் மெக்கானிக் அவர். ஜோன்ஸ் வண்டியின் சக்கரத்தை யார் கடைசியாகக் கழற்றியது என்று என்னைக் கேட்டீர்கள். கல்யாணத்துக்கு முன்பு பலவேசம்தான் சக்கரத்தைக் கழற்றி மாட்டி நேர் பார்த்தார் என்றேன். அது நடந்ததுதான். அதற்குப் பிறகு நான் கழற்றியதைச் சொல்லவில்லை. அவர் மனைவி என் மருத்துவமனை வாசலில் வந்து நின்று, "நீங்க பெரிய மனுசரு, ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாவ டாக்டரய்யா" என்றாள். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கும் நான் உங்களிடம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

இன்று நான் வந்தது ஜோன்ஸால். நேற்று மாலை போயிருந்தேன். உங்கள் ஆட்கள் பார்த்து முடித்ததும் வண்டியைத் திருப்பித் தருவார்களாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"எனக்கு அத கண்ணால பாக்க முடியாது. நீரே எடுத்துக்கிடும் வே. எத வேணாலும் கழட்டிக்கிடும். உம்ம வண்டிக்கு ஆகும்லா."

அங்கே என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். செருப்பைக்கூட மறந்துவிட்டேன். கேட்டிருந்தால் அந்த இரண்டு போல்ட்டையும் அவரே கழற்றித் தந்திருப்பார். தன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மகளை வாடகைக் காரில் அனுப்பியிருப்பார். கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு போல்ட்கூட மாறாத வண்டியையே கழற்றக் கேட்கிறேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்றுதான் பார்த்தேன்.

மேடம், அந்த போல்ட்டில் இருந்த விரிசலைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. உங்கள் நிபுணர் சொல்லியிருப்பார். பழைய விரிசல், உள்ளே துரு ஏறிய விரிசல் என்று. அது எனக்குத் தெரியும். என் வண்டியிலிருந்து கழற்றியதும் இரண்டையும் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பல்லில் கீறல் தேடுகிற கொக்கி ஊசியால் தடவினேன். ஒன்றின் கழுத்தில் ஊசி மாட்டியது. இன்னொரு தடவை தடவினேன். மறுபடியும் அதே இடத்தில் மாட்டியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ராஜியை உட்கார வைத்து இதை நம்பி ஓட்ட முடியாது என்று நினைத்தேன். அப்புறம் அதை ஜோன்ஸ் வண்டியில் மாட்டினேன்.

கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். மணப்பாடு வரை தாங்கும் என்றுதான் நம்பினேன். அன்று காலை மறந்துபோனேன் என்று சொன்னதையும் நான் உண்மை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று இரவு ராஜியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்தினாள். எப்போதும் ஜோன்ஸ் வண்டியை ஒட்டியே போகிறவன் நான். அன்று மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் அவள் கேட்டாளாம்: "ஏன் இம்புட்டுப் பைய ஓட்டுதிய? அவங்க கண்ணுக்கே தெரியல."

கேட்டது எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. நான் சொன்ன பதிலும்.

"தூரம் விட்டே வருவோம். முன்னால போற வண்டி திடீர்னு வெலகிச்சுன்னா, நமக்கு நிப்பாட்ட எடம் வேணும்லா."