பத்தில் ஒரு பங்கு

— மருந்துச் சீட்டு மாறிப் போச்சு துஷா. இது ஆம்பளைங்களுக்குக் குடுக்குற மருந்து. மறுபடி உள்ள போயி டொக்டர்கிட்டக் கேளு.

— மாறேல்லை. துஷாந்தினி ஜெயகுமார் எண்டு என்ரை பேர்தான் கிடக்கு. நடவுங்கோ, வெள்ளவத்தை ஸ்டேசனில ரெயில் போயிடும்.

— டெஸ்டோஸ்டெரோனுன்னா மீசை மொளைக்க வைக்கிறதுல்ல? ஜிம்முல பயலுக ஊசி போடுவானுங்களே!

— எனக்கும் ஊறினதுதானப்பா. பொம்பிளையளின்ரை சூலகத்திலையும் அது கொஞ்சம் ஊறுமாம். கட்டியெண்டு ரெண்டு சூலகத்தையும் எடுத்தவையெல்லே, அதோட அந்த ஊறலில பாதி போயிட்டுதாம்.

— அதான் ரெண்டு வருசமா சோந்து போயிக் கெடக்கியா?

— சோர்வுக்கு இந்த மருந்து இல்லையாம். தைரொயிட், மனக்கவலை எல்லாம் விசாரிச்சுப் போட்டு, கடைசியாத்தான் இதை எழுதினவ. இது... மற்றதுக்கு.

— எதுக்கு?

— ரோட்டில நிண்டு சத்தமாக் கேளாதேங்கோ. ஆசைக்கு.

— அம்மாடி! இதயெல்லாமா டொக்டர்கிட்டச் சொன்ன?

— சொன்னனான். வெக்கமாத்தான் கிடந்தது. டொக்டர் தாரிகா சிரிக்கேல்லை. "கன பேர் இதோட வருகினம், வாய் திறக்காமலே திரும்பிப் போகினம்" எண்டு சொன்னவ. ஆம்பிளையள் பூசுற ஜெல்லில பத்தில ஒரு பங்குதான் எனக்கு. மூண்டு கிழமை கழிய இரத்தம் சோதிக்கோணும். ஆறு மாசத்தில ஒண்டும் மாறாட்டி நிப்பாட்டிப் போடலாமாம்.

— வேணாம் புள்ள. எனக்காக நீ ஒடம்புல எதையும் பூசிக்காத. நான்தான் கட்டாருக்கு வேலைக்குப் போகப் போறேனே.

— என்ன? கட்டாருக்கோ?

— ஏஜென்சில பாஸ்போட் குடுத்துட்டேன். திங்கக்கெழம கையெழுத்து. நீ செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுக்குறப்ப எல்லாம், தேயிலைத் தோட்டத்துக்காரனைக் கட்டினோமேன்னு ஒனக்கு இப்பத்தான் கசக்குதுன்னு நெனச்சேன். நம்ம கலியாணத்தப்பவே ஒங்கண்ணன் அப்புடித்தான் ஆகும்னு சொன்னாருல்ல.

— ஐயோ, உங்களிலயோ கசப்பு? இதை மனசில வச்சுக்கொண்டோ ரெண்டு வருசமா எனக்குச் சமைச்சுத் தந்தனீங்கள், கால் பிடிச்சு விட்டனீங்கள்?

— வேற என்னா செய்ய? எனக்குத் தெரிஞ்சது அதான். நான் போயிட்டா ஒனக்கு நிம்மதின்னு பாத்தேன். மருந்தெல்லாம் எனக்காக வேணாம், அவ்வளவுதான்.

— உங்களுக்காக எண்டு ஆர் சொன்னது? நீங்கள் என்னைத் தொடேல்லை எண்டு நான் ஒரு நாளும் அழேல்லை. உங்களைத் தொடோணும் எண்டு எனக்கே தோணாமல் போச்சே, அதுக்குத்தான் அழுதனான். எனக்கு அது திரும்ப வேணும். நீங்கள் கட்டாருக்குப் போனாலும் பூசுவன். ஆனால்... போகாதேங்கோ.

— அப்ப திங்கக்கெழம அந்தக் கையெழுத்துக்கு நான் போகல.