தங்கைக்குத் தந்த ஓய்வு

லாவெண்டர் எண்ணெயை அப்படியே தோலில் தடவக் கூடாது, மேடம். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. வேறொரு எண்ணெயில் இரண்டு சொட்டு கலந்து, மணிக்கட்டில் மெல்லத் தேய்க்க வேண்டும். என் தங்கைக்கு அப்படித்தான் தேய்த்துவிட்டேன். அவளுக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டாள். அன்றிலிருந்து குளிப்பாட்டி, தலைவாரி ஆளாக்கியவள் நான்தான்.

எங்களுடையது மூன்றாவது மாடி. ஒரே ஜன்னல், திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். நான் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறேன். அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. பல்வலிக்காரர்களைப் பார்த்து நாளெல்லாம் சிரித்துவிட்டு, சாயங்காலம் தன் தாடை வலிக்க வருவாள். அந்த அலுப்புக்காகத்தான் எண்ணெய் வாங்கினேன்.

"அக்கா, உன் கை பட்டாலே பாதி அலுப்பு போயிடுது" என்பாள். அதைக் கேட்கத்தான் பகல் முழுக்கத் தைத்துக்கொண்டிருப்பேன்.

பிறகு தூரத்து ஊரிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "நீயும் வந்துடுக்கா, ரெண்டு ஜன்னல் இருக்கற வீடா பார்ப்போம்" என்றாள். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள். எனக்குத் தெரியாதா?

பரபரப்பில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை அலமாரியில் சும்மா கிடந்தது. ஒன்றைப் பொடித்துப் பாலில் கலந்தேன். மறுநாள் ரயில் நேரத்துக்கு அவள் எழவில்லை. அசந்து தூங்குகிறவளை எழுப்ப எந்த அக்காவுக்கு மனசு வரும்?

இன்னொரு தேதி கொடுத்தார்கள். அன்றும் தூங்கினாள். மூன்றாவது தேதி யாரும் கொடுக்கவில்லை. இங்கே இருந்த வேலையும் போயிற்று. மேசையிலேயே தலை சாய்த்துவிட்டாளாம்.

"இந்த எண்ணெய் எனக்கு ஒத்துக்கலையோ, அக்கா?"

"நிறுத்திப் பார்ப்போம்டி" என்றேன். எண்ணெயை நிறுத்தினேன். பாலை நிறுத்தவில்லை.

நான்கு மாதம் வீடு அமைதியாக இருந்தது. நான் தைப்பேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியே அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே போனால் மயங்கி விழுவாள் என்று கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை மதியம், பாலைக் குடித்துவிட்டு டம்ளர் வைக்கப் போனவள், குப்பைக்கூடையில் காலி மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். பையை எடுத்தாள்.

"கதவைத் திற." அக்கா என்று சொல்லவில்லை. நாக்குக் குழறியது.

அன்று பாலில் மூன்று மாத்திரை. படியில் கால் நிற்காது என்று எனக்குத் தெரியும். "கொஞ்சம் உட்காருடி" என்று சொல்லியிருக்கலாம். சாவியை எடுத்துத் திறந்துவிட்டேன். சத்தம் கேட்டது. மெஷினில் ஒரு காலர் பாதியில் நின்றிருந்தது. அதை முடித்துவிட்டு இறங்கினேன்.

இதெல்லாம் நான் செய்ததுதான். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அவளுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவிருக்காது என்கிறார்கள் ஆஸ்பத்திரியில், பேச்சும் வரவில்லை. ஆனால் நான் அறைக்குள் நுழைந்தாலே கண்ணில் தண்ணீர் வழிகிறது. அது பயம் என்கிறார் நர்ஸ். அவருக்குச் சின்ன வயது, மேடம். என் தங்கை என்னைத் தேடுவது அவருக்கு எப்படிப் புரியும்?