சர்க்கரை அறவே இல்லாத பானம்

— மாவுச்சத்து நாலே நாலு கிராம்னு உங்க டப்பா சொல்லுது. சுகர் முந்நூத்திப் பன்னெண்டுன்னு என் மீட்டர் சொல்லுது. ரெண்டுல எது புளுகுது, நீயே சொல்லு தம்பி.

— வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்தமைக்கு நன்றி மேடம். உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது. தரத்துக்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படுது.

— ஆகட்டும், நல்லாவே பதிவாகட்டும். பதினோரு வயசுல இருந்து எனக்கு டைப் ஒன் சுகர். முப்பது வருஷமா சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்த்து இன்சுலின் ஊசி போட்டுட்டுத்தான் காலைல எதையும் வாயில வெக்கிறேன். ரெண்டு ரொட்டி, ஒரு முட்டைன்னு ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்த வண்டி. இன்னிக்கு அவசரம்னு உங்க காலை பானத்தைக் குடிச்சேன். டப்பாவை நம்பி ஊசியையும் குறைச்சேன்.

— எங்க பானத்துல சர்க்கரை அறவே இல்லை மேடம்.

— அப்ப அந்த முந்நூத்திப் பன்னெண்டு வானத்துல இருந்து குதிச்சுதா? கார் ஓட்டக் கத்துக் குடுக்கிறவ நான். கண்ணு மங்கலா இருக்கு. அஞ்சு பேரோட பாடத்தை ரத்து பண்ணிட்டு, ஊசி போட்டுக்கிட்டு, சுகர் இறங்கறதுக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இது மூணாவது போன். ஒரு தடவை கூட நீங்க புகாரை எழுதிக்கலை.

— எங்க சூப்பர்வைசரே சுகர்காரர்தான் மேடம். தினமும் காலைல ரெண்டு டப்பா குடிக்கிறார். நிமிஷத்துக்கு நிமிஷம் பாத்ரூம் போறார், குடம் குடமா தண்ணி குடிக்கிறார். மத்தபடி அவருக்கு ஒரு குறையும் இல்லை.

— அந்த மனுஷனைக் கூப்பிடு.

— பாத்ரூம் போயிருக்கார் மேடம்.

— சரி, நீயே எழுது.

— கண்டிப்பா. முதல்ல டப்பாவை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணிப் பாருங்க.

— எதை?

— பானத்தை. முட்டைக்கு ஒன்றை அழுத்தவும். ரொட்டிக்கு இரண்டை அழுத்தவும். எனக்கு...

— தம்பி?

— எனக்கு எதை அழுத்தறதுன்னே தெரியலை மேடம். கீபோர்டுல இருக்கிற எழுத்தெல்லாம் எறங்கிப் போகுது. ஒழுக்கமான எழுத்துங்க. ஒண்ணையொண்ணு இடிக்காம போகுது.

— உனக்கு வேர்க்குதா?

— இங்க ஏசி மேடம். சட்டைதான் நனைஞ்சிருக்கு.

— கை நடுங்குதா?

— கை ஆடலை. மேஜைதான் ஆடுது.

— அடப்பாவி, நீயும் என் ஜாதிதானா? டைப் ஒன்னா?

— மெதுவா மேடம், பதிவாகுது! இங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா, மயங்கி விழற ஆளுன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

— ஊசி எப்ப போட்டே?

— எட்டே முக்காலுக்கு. மூணு ரொட்டி, ஒரு வாழைப்பழத்துக்குக் கணக்குப் பண்ணிப் போட்டேன். அப்புறம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தா, ரெண்டு அவிச்ச முட்டையும் வெள்ளரிக்காயும் இருக்கு. எங்க அக்கா டப்பா. அவ உடம்பைக் குறைக்கிறா.

— டப்பாவைத் திறக்காமலேயா ஊசி போட்டே? கண்ணாடியைப் பார்க்காம ரிவர்ஸ் எடுக்கிறவன்கிட்ட கூட இதைவிட நிதானம் இருக்குமேடா!

— கீழ கடையில ரொட்டி வாங்கலாம்னு எழுந்தேன் மேடம். போன் அடிச்சுது. எடுத்தா, நீங்க.

— ஐயையோ. மூணு போனும் உனக்கேவா வந்துது? முக்கால் மணி நேரமா நான்தான் பிடிச்சு வெச்சிருக்கேனா? மீட்டரை எடுத்து விரலைக் குத்திப் பாரு, சீக்கிரம்.

— நாப்பத்தெட்டு. அழகான நம்பர் மேடம்.

— சுகர் பாதாளத்துல கிடக்குடா! அழகை அப்புறம் ரசிக்கலாம், வண்டியை ஓரங்கட்டு. பக்கத்துல யாரையாவது கூப்பிடு.

— மாட்டேன். வேலை போயிடும்.

— மிட்டாய் வெச்சிருப்பியே?

— நேத்தே தீர்ந்துடுச்சு. முட்டை இருக்கு.

— முட்டை தங்கமான சாப்பாடுதான், ஆனா இப்ப உன்னை அது தூக்காது. மேஜை மேல வேற என்னதான் இருக்கு?

— ஒரு ஸ்டேப்ளர். ஒரு பிளாஸ்டிக் செடி. நம்ம காலை பானம், ரெண்டு டப்பா, சாம்பிளுக்கு.

— அதை எடுத்துக் குடி!

— அதுல சர்க்கரை அறவே இல்லை மேடம்.

— குடிடா!

— பிரயோஜனம் இல்லை மேடம். ஆய்வகத்துல சோதிச்சது. குடும்பத்துக்கே ஏத்த...

— உயிர் போற நேரத்துலயுமா விளம்பரம்? என்னை முந்நூத்திப் பன்னெண்டுக்குத் தூக்கின டப்பா உன்னை நூறுக்குத் தூக்காதா? உறிஞ்சு. சத்தம் எனக்குக் கேக்கணும்.

— குடிச்சிட்டேன்.

— ரெண்டாவதையும்.

— ஒன்றே போதும்னு போட்டிருக்கு மேடம்.

— குடி!

— ஆச்சு.

— இப்ப என்கூடப் பேசிக்கிட்டே இரு. கண்ணை மூடினே, நானே வந்து உதைப்பேன். கிளட்ச் எந்தப் பக்கம்?

— என்கிட்ட கார் இல்லை மேடம்.

— இருந்தா?

— இருந்தா ஏன் பஸ்ல வரப்போறேன்?

— இடது பக்கம்டா. சொல்லு, கிளட்ச் எங்க?

— இடது. மேடம், நீங்க எல்லாரையும் இப்படித்தான் திட்டுவீங்களா?

— கை நடுங்கறவங்களை மட்டும்தான். பிரேக் எங்க?

— நடுவுல.

— அப்படித்தான், விடாம பேசு. எத்தனை நிமிஷம் ஆச்சு?

— பதினாறு. எழுத்தெல்லாம் திரும்பி வந்து உக்காந்துடுச்சு மேடம்.

— விரலை நல்லா கழுவித் தொடைச்சுட்டுக் குத்து. பானம் ஒட்டியிருந்தா மீட்டர் ஏமாத்தும்.

— சர்க்கரையே இல்லாத பானம் ஒட்டினா எப்படி... சரி, பாட்டில் தண்ணில கழுவறேன்.

— எவ்ளோ?

— நூத்திப் பத்து.

— அப்பாடா! எனக்கு அழுகையே வந்துடுச்சுடா. முதல்ல கீழ போய் ரொட்டி சாப்பிடு.

— மேடம், இதுல சர்க்கரை இருக்கு.

— இதைத்தானே மூணு போன்ல தொண்டை கிழியக் கத்தறேன்!

— புகாரை எழுதறேன். ஆதாரம்னு ஒரு கட்டம் இருக்கு. நாப்பத்தெட்டு, ரெண்டு டப்பா, நூத்திப் பத்துன்னு போடறேன்.

— வேண்டாம்டா. உன் விஷயம் வெளிய வந்துடும். என் புகாரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் ரொட்டிக்கும் முட்டைக்குமே திரும்பிடறேன்.

— இன்னும் எத்தனை பேர் டப்பாவை நம்பி ஊசியைக் குறைச்சாங்களோ. எழுதிட்டேன் மேடம். புகார் கொடுத்தவர்கள், இரண்டு பேர்.

— ஹலோ. சூப்பர்வைசர் பேசறேன்.

— சார்!

— ஐயா, அவன் மேல தப்பே இல்லை, நான்தான் விடாம...

— இருங்கம்மா. பாத்ரூம், தண்ணி, மறுபடி பாத்ரூம்னு அலைஞ்சுட்டு இப்பதான் ஹெட்போனை மாட்டினேன். நூத்திப் பத்துல இருந்து எல்லாத்தையும் கேட்டேன். தம்பி, எழுந்து என் ரூமுக்கு வா.

— சார், என் வேலை...

— வேலை கிடக்கு, அந்த மீட்டரை எடுத்துக்கிட்டு ஓடி வாப்பா. இன்னிக்கு நான் மூணு டப்பா குடிச்சிருக்கேன்.