பதினொரு டி. கிரீன்வுட்களில் ஒருத்தி

எந்தக் கிரீன்வுட்டைத் தலைவராக்கினாலும் மற்றக் கிரீன்வுட்கள் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள் என்று அஞ்சி, வம்புக்கு வாசல் வைக்காமல் இங்கே அமர்த்தப்பட்டிருக்கும் அவைத்தலைவர் எர்னஸ்ட் சட்கிளிஃப் அவர்களே! தேவாலயத்தின் மூத்தோர்களே! விடிந்ததிலிருந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவித் தடவிக் கை ஓய்ந்த தாய்மார்களே! கிரீன்வுட் என்ற தங்கள் குடும்பப் பெயரின் வேரைத் தேடிக் கனடாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் இந்தத் தோர்ன்ஷா கிராமத்துக்குப் பறந்து வந்திருக்கும் உறவுகளே! முதல் வரிசையில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும் நெட்டை வில்ஃப் அவர்களே! எல்லோருக்கும் சாம் மகள் தெல்மாவின் வணக்கம்.

சத்தமாகப் பேசச் சொல்கிறீர்களா? பேசுகிறேன், ஐயா, பேசுகிறேன்.

நம் பெயரின் பிறப்பையும் பொருளையும் பெருக்கத்தையும் பேசு என்று பணித்தார்கள். பிறப்பு எங்கே? போர்க்களத்திலா? இல்லை. அரண்மனையிலா? இல்லை. பசிய மரங்கள் படர்ந்த மலைச்சரிவு ஒன்று. அதன் ஓரத்தில் ஒரு குடி. பச்சைக்காட்டார் என்று பக்கத்தில் உள்ளவர்கள் அழைத்தார்கள். அதுதான் கிரீன்வுட். ஹெப்டன்ஸ்டால் மேட்டுப் பக்கம்தான் அந்த முதல் வீடு இருந்தது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆடு வளர்த்தோம், ஆட்டு உரோமத்தில் நூல் நூற்றோம், நூலைத் துணியாக நெய்தோம். ஆற்றோரம் ஆலை வந்தது. ஆலைக்கு ஆள் வேண்டியிருந்தது. வந்த ஆளெல்லாம் கிரீன்வுட்!

எத்தனை பேர் ஆனோம்? பள்ளியில் எங்கள் டீச்சர் "கிரீன்வுட்" என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு எழுந்து நிற்கும். "உட்காருங்க" என்றால் அந்தப் பாதியும் உட்காராது, தன்னைச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், என் சொந்தங்களே. இன்னும் கொஞ்ச நேரம்தான் சிரிக்க முடியும்.

அதனால் நமக்குள் யாரும் யாரையும் கிரீன்வுட் என்று அழைப்பதில்லை. ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் மட்டும்தான் அந்தப் பெயர். மற்ற நாளெல்லாம் பட்டப்பெயர்தான். குழாய் வேலை செய்பவர் குழாய் டாம். மேட்டுப் பண்ணையில் வாத்து வளர்ப்பவர் வாத்து வில்ஃப். ஆலை வீதியின் கடைசி வீட்டில் நிலைப்படி இடிக்கும் உயரத்தில் இருப்பவர் நெட்டை வில்ஃப். தோர்ன்ஷாவில் "வில்ஃப் வந்தார்" என்று சொன்னால், நடை பழகும் குழந்தைகூட "எந்த வில்ஃப்?" என்று கேட்கும்.

கேட்காமல் விட்டவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் கதையைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய டிசம்பர் காலை. கால்டர் ஆறு கரையை மீறி வந்தது. வந்தது என்றா சொன்னேன்? பாய்ந்தது! பாலத்தைப் பற்றியது! ஆலை வீதிக்குள் பீப்பாய்களையும் கதவுகளையும் உருட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தது! ஆற்றோர வீடுகளின் பட்டியல் என் கையில் இருந்தது. யார் மீட்கப்பட்டு வந்தாலும் பெயருக்கு நேரே டிக் போடுவது என் பொறுப்பு. டிக் விழுந்த வீட்டுக்குப் படகு போகாது.

மீட்டவர்களைக் கொண்டுவந்து சேர்த்த இதே மண்டபத்தின் வாசலில், அதோ அந்தக் கதவருகே, நகரத்து அலுவலகம் அனுப்பிய மார்ட்டின் பென்ரோஸ் நின்றார். கார்ன்வால் பக்கத்துப் பிள்ளை. வருகிறவர்களிடம் பெயர் கேட்டு எனக்குக் குரல் கொடுப்பார். முழங்கால்வரை நனைந்து நின்ற அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டதை ஒரு சொல் மாற்றாமல் சொல்கிறேன்.

"அம்மா, வில்ஃப்ரெட் கிரீன்வுட் வந்துட்டாருங்க. அந்தப் பேர்ல ஒருத்தர்தானா? இன்னொருத்தர் இருக்காரா?"

கேட்டார்! வெளியூர்ப் பிள்ளை கேட்டார்! இந்த மண்ணில் பிறந்த நான் என்ன சொன்னேன்?

"என் தாள்ல ஒருத்தர்தான், தம்பி. டிக் போட்டாச்சு. அடுத்த ஆளச் சொல்லுங்க."

தாளில் ஒருவர்தான். ஏனென்றால் அது ஆற்றோரப் பட்டியல். மேட்டுப் பண்ணைக்காரர் அதில் எப்படி இருப்பார்? ஒன்றரை மணி நேரம் கழிந்தது. வாத்து வில்ஃப் என் மேசைக்கு வந்தார்.

"தெல்மா, ஒரு டீ ஊத்து கண்ணு. பாவம், நனைஞ்சு கெடக்காங்களேன்னு கம்பளி கொண்டாந்தேன். வாசல்ல அந்தத் தம்பி என் பேரையும் கேட்டு எழுதிட்டாரு. விட்டா என் வாத்துங்க பேரையும் எழுதுவாரு போல!"

சிரித்தபடி சொன்னார். வாசலில் பெயர் சொன்னவர் இந்த வில்ஃப், நான் டிக் போட்டதோ நெட்டை வில்ஃபின் வீட்டுக்கு! என் கையில் இருந்த கெட்டில் தரையில் விழுந்தது. ஓடினேன், கத்தினேன், படகைத் திருப்பினார்கள். ஆலை வீதிக் கடைசி வீட்டின் அடுக்களை மேசைமேல், மார்பளவுத் தண்ணீரில், நெட்டை வில்ஃப் தன் மனைவி ஐவியைத் தோளில் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். குளிர் ஐவியை விடவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் கண் மூடினாள்.

பின்னால் வில்ஃப் என்னிடம் சொன்னார்: "ஒரு படகு ஜன்னல் பக்கமா வந்துச்சு தெல்மா. கத்துனோம். மோட்டார் சத்தத்துல அவங்களுக்குக் கேக்கல. 'இது முடிஞ்ச வீடு, அடுத்ததுக்குப் போ'ன்னு ஒருத்தன் சொன்னது மட்டும் எங்களுக்குக் கேட்டுச்சு."

முடிந்த வீடு! என் ஒரு டிக் முடித்து வைத்த வீடு!

விசாரணை வந்தது. தாளின் அடியில் இருந்த கையெழுத்து டி. கிரீன்வுட். ஆங்கிலத்தில் தெல்மாவுக்கும் டாமுக்கும் அதே முதல் எழுத்துதான். இந்தப் பள்ளத்தாக்கில் டி. கிரீன்வுட் பதினொரு பேர். பதினொரு வீட்டுக்கும் ஒரே கடிதம் வந்தது: கையெழுத்து உங்களுடையதா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றைக் குறிக்கவும். அன்று குழாய் டாம் என் கதவைத் தட்டினார்.

"எனக்கும் வந்திருக்கு. யாரு எழுதுனதுன்னு எனக்கு எதுக்கு? எல்லாரும் இல்லைன்னு போடுவோம். நம்ம ஆள நாமளே காட்டிக் குடுக்கறதா?"

பத்துப் பேர் உண்மையாகவே 'இல்லை' என்றார்கள். பதினோராவது ஆள் பொய்யாக 'இல்லை' என்றாள். பென்ரோஸைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். "ஒரு அம்மா ஒருத்தர்தான்னு சொன்னாங்க." "அந்த அம்மா பேரு?" "கிரீன்வுட்." கேட்டவர்கள் சிரித்துவிட்டார்களாம். பள்ளத்தாக்கில் கிரீன்வுட் எண்ணற்றவர். பென்ரோஸ் ஒரே ஒருவர். பழி வழி தவறாமல் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வேலை போனது. பெண்டாட்டி பிள்ளையோடு ஊரைவிட்டே போனார்.

யார் அந்தப் பதினோராவது ஆள்? உங்கள் முன் நிற்கிறேன். நான்தான்.

"உட்காரு தெல்மா" என்கிறீர்கள். குரல் தெரிகிறது, டாம். உட்கார மாட்டேன். மூன்று ஆண்டுகளாக உட்கார்ந்தே இருந்தேன்.

ஞாயிறுதோறும் நெட்டை வில்ஃபுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன். உருளைக்கிழங்கின்மேல் நான் குழம்பை ஊற்றும்போதெல்லாம் அவர் சொல்வார்: "அந்தப் பென்ரோஸ் மட்டும் என் கையில கெடைச்சான்னா! நீ இல்லேன்னா நான் என்ன ஆவேன், தெல்மா?" அந்த வார்த்தை கேட்ட ஒவ்வொரு ஞாயிறும் செத்துப் பிழைத்தேன். கதவு தட்டினால் பயம். தபால் விழுந்தால் பயம். மழை தூறினால் பயம்.

கடல் கடந்து வந்த உறவுகளே! பெயர் பெருகினால் பெருமை என்று மகிழ்கிறோம். பெருகட்டும்! பரவட்டும்! ஆனால் பெருகிய பெயருக்குள் ஒருத்தி புகுந்துகொண்டால் அவளை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நான் புகுந்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படி ஒளிய ஒரு கூட்டமே இடம் கொடுத்தால், வெளியே தனியாக நிற்கும் ஒருவன் அடி வாங்குவான். நம் மானம் காக்க ஒரு மார்ட்டினின் வாழ்வு போகலாமா? நம் குலம் வாழ அவன் குடும்பம் தெருவில் நிற்கலாமா? சொல்லுங்கள்!

இந்த மேடையில் ஏறிவிட்டுப் பயத்தில் பின்வாங்கிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் சந்தேகம். அதனால் இன்று காலை வரும் வழியிலேயே அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் மார்ட்டினுக்கு ஒரு கடிதமும் தபாலில் சேர்த்துவிட்டேன். இனி என்னால் எதையும் திரும்ப எடுக்க முடியாது.

வில்ஃப், உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஐவியைக் கொன்றது மார்ட்டின் என்று இனிச் சொல்லாதீர்கள். அது மட்டும் போதும்.

எழுந்துவிட்டீர்கள், வில்ஃப். யாரும் அவரைப் பிடிக்காதீர்கள். அவருக்கு வழி விடுங்கள். மேடைக்கு வருகிறீர்களா, வாசலுக்குப் போகிறீர்களா, எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் நான் இங்கேயேதான் நிற்கிறேன்.

இதுவரை பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. வணக்கம்.