மூணாவது ஓலை

அட, இன்னாத்துக்குண்ணா அந்த ஷட்டர இப்டி இழுத்து மூடிக்கினு வேவுறீங்க? காத்தா? பஸ்ஸு மொத்தமும் மே மாச வெயில்ல வேர்த்து ஊத்திக்கினு கீது, உங்களுக்கு மட்டும் காத்து ஆவாதா? இல்லல்ல, கோச்சிக்காதீங்க. நானும் அந்தக் கட்சிதான். சித்தூர்ல ஏறினதுலேந்து பாத்துக்கினுதான் கீறேன். ஜேபிலேந்து சீப்ப எடுக்கறீங்க, காதாண்ட கீற முடிய அள்ளி நெத்தி மேல போடறீங்க, கையால அமுக்கறீங்க. திருப்பதி மலைக்கு மொட்ட போடப் போறேன்னு நீங்களே இப்பத்தான் சொன்னீங்க. மத்தியானத்துக்குள்ள எல்லாம் வழிச்சிடப் போறாங்க, அதுக்குப் போயி இவ்ளோ அலங்காரம்!

சிரிச்சிட்டீங்களா, நல்லது. கல்யாணம் ஆயிடுச்சா? ரெண்டு கொயந்தையா? அப்ப உங்களுக்கு இன்னா பயம்? நெத்தி பொடனி வரைக்கும் ஏறினாலும் அண்ணி உங்கள ஊட்ட உட்டுத் தொரத்தப் போறதில்ல. எனக்கு அப்டி இல்லண்ணா. இந்த நெத்தியால எனக்குக் கல்யாணமே நின்னு போச்சு. மெய்யாலும்தான், வெளையாட்டுக்குச் சொல்லல.

எனக்கு இருவத்திரெண்டு வயசுல ஆரம்பிச்சிது. நாங்க வேதக்காரங்க, கிறிஸ்துவங்க, சித்தூர் மிஷன் காம்பவுண்டு. கோயில்ல, எங்க சர்ச்சத்தான் சொல்றேன், பாட்டுப் பாடறவங்க எல்லாரும் சேந்து ஒரு போட்டோ எடுத்தோம். பாக்கறேன், ரெண்டு பக்கமும் நெத்தி உள்ள போய்க்கினு கீது. யாரோ ஒரு பெரிய மனுசன் என் சட்டையப் போட்டுக்கினு நிக்கிற மாதிரி. கூட நிக்கிறவனுங்க எல்லாம் காத மூடி முடி வெச்சிக்கினு கீறானுங்க. அன்னிக்குப் புடிச்ச பைத்தியம். வெளக்கெண்ண, கரிசலாங்கண்ணி, கோழிமுட்ட, எதையும் உடல. சின்ன வெங்காயத்த அரச்சித் தேச்சிக்கினு ஒருநாள் கோயிலுக்குப் போயிட்டேன். முன்னால நின்ன ஞானமணி அத்த, சங்கீதம் பாடிக்கினே முந்தானையால மூக்கப் பொத்திக்கிச்சு.

டாக்டரா? ஐயோ, போனேனே. வேலூருக்கே போனேன். அவரு தலையப் பாக்கறதுக்கு முன்னாடியே, உங்கப்பாவுக்கு எப்டி, உங்கம்மா கூடப் பொறந்தவங்களுக்கு எப்டின்னாரு. எங்க நைனாவுக்கு வெளக்கு வெச்சா தலையில தெரியும். மாமனுங்களும் அப்டித்தான். அப்ப இது உனக்கு வந்த குடும்ப சொத்துப்பா, இதுக்கு ஒலகத்துலயே மருந்து கெடயாது, எவனாச்சும் தரேன்னா நம்பாத, ஒட்ட வெட்டிக்கினு உன் வேலயப் பாருன்னாரு. நல்ல மனுசன். கேட்டிருந்தா இன்னிக்கி இந்த பஸ்ஸுல இருக்க மாட்டேன்.

பொண்ணு யாரா? லோயிசு. எங்க சபைதான், கேர்ல்ஸ் ஸ்கூல்ல டீச்சரு. ஊட்டுல பெரியவங்களே பேசி முடிச்சாங்க, எனக்கும் அது மேல உயிரு. டிசம்பர்ல ஓல வாசிக்க ஆரம்பிச்சாங்க. ஓலைன்னா உங்களுக்குத் தெரியாது இல்ல? எங்கள்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கெழம ஐயரு, அதாவது பாதிரியாரு, கோயில்ல எழுந்து வாசிப்பாரு. இன்னாரு மகன் தனராஜுக்கும் இன்னாரு மகள் லோயிசுக்கும் கல்யாணம் நடக்கப் போவுது, யாருக்காச்சும் தட இருந்தா இப்பவே சொல்லுங்கன்னு. யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரு நிமிசம் சும்மா இருப்பாரு, அப்புறம் பாட்டுக்குப் போயிடுவாரு.

ரெண்டு ஓல வாசிச்சாச்சு. எனக்கு கல்யாண போட்டோ நெனப்புதான் ராத்திரி பகலா. திருப்பதி பஸ் ஸ்டாண்டாண்ட நாகபூஷணம்னு ஒரு வைத்தியரு, முடி மொளைக்க வெப்பாருன்னு பால் டைரியில என்கூட வேல செய்யிறவன் சொன்னான். ஓடினேன். அவரு என் தலையத் தடவிப் பாத்துட்டு, ஏமி பரவாலேது, மொத்தமும் வழிச்சாத்தான் மருந்து வேருல எறங்கும், நலபை ரோஜுலு, அந்த்தேன்னாரு. நாப்பது நாளு, அவ்ளோதானாம். என் கல்யாணத்துக்குச் சரியா நாப்பது நாளுதான் கீது! உக்காந்துட்டேன். வழிச்சிட்டு ஒரு மஞ்சக் கலரு மருந்தக் கொழச்சித் தல பூரா அப்பினாரு. மூணு நாளைக்குக் கழுவக் கூடாது, தொப்பி கூடப் போடக் கூடாதுன்னாரு.

அய்யய்யோன்றீங்களா? உங்களுக்கு இப்பவே தோணிடுச்சி பாத்தீங்களா. எனக்குத் தோணலயே! திருப்பதி பஸ்ஸுலேந்து எறங்கறேன், வழுவழுன்னு மொட்ட, அதுமேல மஞ்சளா பூச்சு. சந்தனம் பூசிக்கினு வர்றவங்கள தெனம் நூறு பேரப் பாக்கற ஊரு சித்தூரு. பஸ் ஸ்டாண்டுல மொத ஆளா நின்னுக்கினு இருந்தது யாரு? ஞானமணி அத்த. எங்க நைனா சபையில பெரியவரு, மூப்பரு. சாயங்காலத்துக்குள்ள காம்பவுண்டு பூரா, கிருபானந்தம் மூப்பரு மகன் கல்யாணத்துக்கு வேண்டிக்கினு மலைக்குப் போயி முடி குடுத்துட்டான்னு ஆயிடுச்சி. உங்க சாமிய நான் கொற சொல்லலண்ணா. ஆனா எங்க சபையில அது சின்ன விசயமில்ல.

நைனா கேட்டாரு, எதுக்குடா மொட்டன்னு. வெயிலுக்குன்னு சொன்னேன். டிசம்பர் மாசத்துல! என்னையே மொறச்சிப் பாத்துட்டு உள்ள போயிட்டாரு. ஞாயித்துக்கெழம மூணாவது ஓல. தட உண்டான்னு ஐயரு கேட்டு முடிக்கல, முன்பெஞ்சுலேந்து நைனா எழுந்து, உண்டு ஐயான்னாரு. பெத்தவருண்ணா. ஐயரு என்னக் கூப்புட்டாரு. மலைக்குப் போனியா தனராஜு? இல்லீங்க ஐயா. அப்ப முடிய எதுக்கு எடுத்தே? நான் பொம்பளைங்க பக்கம் பாக்கறேன், லோயிசு என்னையே பாக்குது. கண்ணு நெறையத் தண்ணி.

சாமிக்குன்னு நெனச்சா கோவப்படறாங்க, அது தாங்கிக்கலாம். வழுக்கைக்குன்னு சொன்னா சிரிப்பாங்களே. அத்தினி பேரும், பொடிப் பசங்க வரைக்கும். அதுவும் லோயிசு முன்னாடி. நின்னுக்கினே இருந்தேன். ஐயரு ஓலைய மடிச்சிட்டாரு.

முடியா? மொளச்சிது. எங்க இருந்துச்சோ அங்க மட்டும் மொளச்சிது. இல்லாத எடத்துல இல்லவே இல்ல. வைத்தியருகிட்ட நாயம் கேக்கப் போனா அங்க வளையல் கட வெச்சிருக்கானுங்க.

அதுக்கு அப்புறமும் கத முடியலண்ணா, அதான் கொடும. லோயிசு ஒருநாள் டைரி கேட்டாண்ட வந்து நின்னுச்சு. வழுக்கைக்குத்தான் வழிச்சீங்க, எனக்குத் தெரியும், நீங்க சைக்கிள்ல போறப்ப காத்துல முடி தூக்கிக்கிறத நான் எத்தினி வாட்டி பாத்திருக்கேன், எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லன்னுச்சு. எங்கப்பாவுக்கு நானே சொல்லலாம், நம்ப மாட்டாரு. நீங்க ஒரே ஒரு ஞாயித்துக்கெழம எழுந்து, முடிக்கோசரம்தான்னு உங்க வாயால சொல்லிடுங்க, மறுநாளே வந்துடறேன்னுச்சு. ஒரே ஒரு வார்த்த.

வாரா வாரம் சொல்லிடலாம்னுதான் போவேன். ஊட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாப்பேன். சரளமா வரும். கோயில்ல பெஞ்சு முனையப் புடிச்சிக்கினு எழுந்துக்கப் போவேன், கை தன்னால நெத்திக்குப் போயிடும். உக்காந்துடுவேன். ஒன்ற வருசம் இப்டியே போச்சு. அது பாவம், எவ்ளோதான் பாக்கும்?

சந்திரகிரி வந்துட்டுதா? இல்ல, எனக்குத் திருப்பதியில ஒரு வேலயும் இல்ல, ஊரிக்கே, சும்மா ஏறினேன். காத்தால கோயிலுக்குத்தான் சட்டையெல்லாம் போட்டுக்கினு கெளம்பினேன். மொதல் மணி அடிக்கிறாங்க, இந்த பஸ்ஸு நின்னுக்கினு இருந்துச்சு, ஏறிட்டேன்.

வாட்ச்சு கட்டியிருக்கீங்களே, மணி இன்னாண்ணா? பத்தேகாலா? அப்ப ஐயரு வாசிச்சிருப்பாரு. லோயிசு ஓலதான், இன்னிக்கி மூணாவது. மாப்ள பேரு சத்தியநாதன், கோலார் தங்கவயல்ல வேலயாம். மொத ரெண்டும் நான் உக்காந்து கேட்டேன். தட உண்டான்னு கேட்டப்ப ரெண்டு வாட்டியும் அது தலையத் திருப்பி நான் உக்கார்ற பெஞ்சத்தான் பாத்துச்சு. இன்னிக்கும் பாத்திருக்கும்.