சம்பந்தியின் ரோமானிய வெள்ளிக்காசைச் சோதித்த அம்மையாருக்கு, பணி நிறைவு நாளில்

வெள்ளியின் வேடம் கலைத்த விழியாரே! விளிம்பைத் தடவியே வயது சொல்லும் விரலாரே! அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவை அடக்கி ஆண்டும், எங்கள் அரட்டையை மட்டும் ஒருநாளும் அடக்க முடியாத அன்புத் தலைவியே! வணக்கம்.

ரோமானியப் பேரரசர்களின் மூக்கையும் மோவாயையும் முடிச்சுருளையும் சொந்தக்காரர் முகங்களைவிட நன்கறிந்தவர் நீங்கள். எடை குறைந்தாலும், வார்த்தெடுத்த காசின் மேல் குமிழி தெரிந்தாலும், விளிம்பில் அரம் ஓடிய தடம் இருந்தாலும், கொண்டுவந்தவர் அமைச்சரின் மைத்துனரே ஆனாலும், "போலிங்க, எடுத்துட்டுப் போங்க" என்று புன்னகையோடு வழியனுப்பிய உங்கள் புகழைப் பாட எங்களிடம் சொற்கள் உண்டு. விழாத் தலைவர் நேரம்தான் தரவில்லை. ஆகவே நேரே சம்பந்தி விஷயத்துக்கு வருகிறோம்.

உங்கள் மகளின் கல்யாண அழைப்பிதழ் அச்சாகி வந்த வாரத்தில், மாப்பிள்ளையின் தந்தை தம் பரம்பரைச் சொத்தான ரோமானிய வெள்ளிக்காசை நம் காட்சிக்கூடத்துக்கு அன்பளிக்க வந்தார். கூடவே, தம் பெயர் பொறித்த பித்தளைப் பலகையும் வந்தது. அந்நேரம் உங்கள் அறைவாசலில், தூசே இல்லாத கண்ணாடிப் பெட்டியை நாங்கள் அத்தனை பேரும் துடைத்துக்கொண்டிருந்தது தற்செயலே.

லென்ஸில் பார்த்தீர்கள். பேரரசரின் காதோரம் வெள்ளி உரிந்து, உள்ளே செம்பு பல்லிளித்தது.

"போலி, சம்பந்தி."

"ஏம்மா, இதைக் கல்யாணம் முடிஞ்சு சொல்லக் கூடாதா?" என்று, சம்பந்தியை அழைத்துவந்திருந்த உங்கள் கணவர் கிசுகிசுத்தது வாசல் காவலாளி வரை கேட்டது.

சம்பந்தி எழுந்தார். "எங்க பரம்பரையே போலின்னு சொல்ற வீட்ல பொண்ணு எடுக்கணுமான்னு யோசிக்கிறேன்."

மகளின் கல்யாணமே கதவை நோக்கி நடந்தது. நீங்களோ லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை!

"உக்காருங்க, நான் இன்னும் பார்த்து முடிக்கலை."

உரிந்த இடத்தில் இறுகிக் கிடந்த பச்சைக் களிம்பை ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தீர்கள். "இது நேத்து வந்த களிம்பில்லை. செம்புக்கு வெள்ளித் தோலைப் போர்த்தி அச்சுல அடிச்சிருக்கான். இதைப் பண்ணின திருட்டுப் பய செத்தே ரெண்டாயிரம் வருஷம் இருக்கும். ரோமாபுரிச் சந்தையையே ஏமாத்தின காசு, சம்பந்தி!"

சம்பந்தி உட்கார்ந்தார். "அப்ப... பழசுதானா?"

"பழசுதான்."

"அப்பப் பலகைல 'போலி'ன்னு பெருசாவே போட்டுடலாமா?"

கல்யாணம் சீரும் சிறப்புமாக நடந்தது. அசல் காசுகள் ஆளின்றிக் கிடக்க, அந்தப் போலியைச் சுற்றித்தான் இன்றும் கூட்டம். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்பவர் யார் என்று நாங்கள் சொல்லவும் வேண்டுமோ!

பெருமைக்குரிய அம்மையாரே! நோய்நொடி அண்டாமல், கால் வலிக்காமல், குறிப்பாகக் கண்பார்வை மங்காமல் நெடுங்காலம் வாழ்க! கண்ணை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சம்பந்தி தம் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பழங்காசு இறக்கியிருக்கிறார். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்று சொல்லிச் சொல்லி இதுவரை நாங்கள் காத்தோம். நாளை முதல் உங்களுக்கு மீட்டிங் கிடையாது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. முன்வரிசையில், மடியில் பெட்டியோடு, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டுகிறாரே, அவரேதான்.

இங்ஙனம்,
நாணயப் பிரிவு ஊழியர்களும், அங்கே ஒரு வேலையும் இல்லாமலே அன்று கண்ணாடி துடைக்க வந்த பிற பிரிவினரும்.