வெயில் குதிரை

மழை பெய்தால் மரம் உப்பும், மேடம். அது மரத்தின் குணம். அதனால்தான் இசை முகாம் நடந்த நான்கு வாரமும் காலை ஏழு மணிக்கே என் அறை வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். இருபது நாட்டுப் பிள்ளைகள். ஒருத்திக்கு வயலின் ஒட்டு விட்டிருக்கும், ஒருவனுக்கு முறுக்காணி திரும்பாது. மாடிப்படிக்கு அடியில் எனக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, பசை காய்ச்ச ஒரு சட்டி. வாத்தியம் பழுது பார்ப்பது என் தொழில். முப்பது வருடமாகிறது.

முகாம் சார்பில் நீங்கள் எழுதிய விசாரணை அறிக்கையைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வரியைத்தான் திருத்த வேண்டும். 'தொழில் தெரியாத யாரோ செல்லோவின் குதிரையை மாற்றியிருக்கிறார்கள்' என்று இருக்கிறது. என் மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் வாசித்த நெட்டையனை மனதில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குச் சுவரில் ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. அந்தக் குதிரை நான் செதுக்கியது. இரண்டு கால்களும் பலகையில் எப்படிப் படிந்து உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். நடுவே ஒரு மயிரிழை கூட நுழையாது.

குதிரை என்பது செல்லோ மாதிரிப் பெரிய வயலினில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டு. ஈரக் காலத்தில் செல்லோவின் உடம்பு உப்பி, கம்பி தானாகவே மேலே ஏறிவிடும். அதற்குக் குட்டைக் குதிரை வைப்போம். வறட்சியில் கம்பி இறங்கும், அதற்கு உயரமானது. மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. முதல் வாரம் விடாமல் மழை பெய்தது. நான் என் மகளுக்கு வெயில் குதிரையை வைத்தேன். மறதியில் அல்ல, தெரிந்தேதான் வைத்தேன்.

கம்பி உயர்ந்தால் விரல் இன்னும் பலமாக அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் அழுத்த வேண்டும். ஆனால் சத்தம் கணீரென்று வரும், அதையும் சொல்ல வேண்டும். செல்லோ வாத்தியார் என் அறைக்கே வந்து பாராட்டினார். "என்னம்மா மாயம் பண்ணீங்க? இப்பத்தான் உங்க பொண்ணு வாசிக்கிறது கடைசி வரிசை வரைக்கும் கேக்குது."

"வாத்தியம் உங்க பிள்ளைங்க மாதிரி இல்ல சார், கொஞ்சம் சொல்பேச்சு கேக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

கடைசி நாள் கச்சேரியில் தனியாக வாசிப்பவருக்கு ஒரு தூர தேசத்து இசைப்பள்ளியில் இடம். அது அவளுக்குத்தான் என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் என் மேசை மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு வருஷம்மா. அப்புறம் அங்கயே ஏதாவது குழுவுல சேந்துடுவேன். நீ தனியா சமாளிச்சுப்ப இல்ல?"

"சமாளிச்சுப்பேன் கண்ணு."

"எனக்குத் தெரியும். நீ இரும்பு."

அவள் அப்பா போன பிறகு பதினாறு வருடம் நாங்கள் இரண்டு பேர்தான். சாப்பாட்டு மேசையில் இரண்டு நாற்காலிதான் வைத்திருக்கிறேன். நான் இரும்பு இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவள் மனதைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது வாரம் புதிதாக ஒரு குதிரை செதுக்கினேன், முன்னதைவிட ஒரு நகத்தின் கனம் உயரமாக. மூன்றாவது வாரம் இன்னொன்று. வாரத்துக்குக் கொஞ்சம் ஏறினால் கைக்கு வித்தியாசம் தெரியாது. வலி மட்டும்தான் தெரியும்.

"அம்மா, மோதிர விரல் சுருக்குன்னு இழுக்குது. குதிரையைக் கொஞ்சம் பாரேன்."

பார்த்தேன். வலி தெரியாமல் மரத்துப்போக வைக்கிற களிம்பு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். வாசிக்கப் போகும் முன் அவள் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை நானே தேய்த்துவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவாள். சின்னப் பிள்ளையில் நகம் வெட்ட நீட்டுவாளே, அதே மாதிரி.

முகாம் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அம்மா, பத்து நாள் செல்லோவைத் தொடவே கூடாது. நரம்பு நூல் மாதிரி ஆகியிருக்கு. நீங்க சொன்னாத்தான் கேப்பா."

மகளிடம் சொன்னேன். "நர்ஸ் ஒண்ணுமில்லன்னுட்டாங்க. பழக்கமாயிடுமாம்."

நெட்டையன் ஒரு நாள் விளையாட்டாக அவள் செல்லோவை வாங்கி வாசித்துப் பார்த்திருக்கிறான். "இது செல்லோவா, முள்வேலியா? கை போயிடும், உங்கம்மாகிட்ட காட்டு" என்றானாம். அவள் அப்படியே வந்து என்னிடம் சொன்னாள்.

"அவன் உனக்கு அடுத்த இடம், ரெண்டாவது நாற்காலி கண்ணு. முதல் நாற்காலியைப் பாத்து வேற என்ன சொல்லுவான்?"

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. நர்ஸை விட்டால் அவள் கையைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவன்தான் செய்தான் என்று முகாமிலிருந்து அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பியது சரியில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கச்சேரிக்கு முந்தைய ஒத்திகையில், எழுபது பேர் நடுவில், அவள் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் நின்றுவிட்டன. வில் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வாத்தியார் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். அவள் இடது கையைப் பார்த்தாள், பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் அணைத்துக்கொண்டேன். எவ்வளவு நாளாயிற்று, அவள் என் மேல் அப்படிச் சாய்ந்து.

நரம்பு அறுந்துவிட்டது, இனி வாசிக்க முடியாது என்று பெரிய டாக்டர் சொன்னார். பத்து நாள் ஓய்வு கொடுத்திருந்தால் தப்பியிருக்கும் என்றும் சொன்னார். எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நேற்று தலை வாரிவிடும்போது கேட்டாள். "ஏம்மா, அவன்தான் செஞ்சானா?"

"தெரியல கண்ணு. தலையை ஆட்டாதே."

இவ்வளவுதான், மேடம். குதிரையை மாற்றியது நான், களிம்பு தடவியது நான், நர்ஸ் சொன்னதை மறைத்ததும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆறு மணிக்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட வராது. நான் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.